ஆசானாக அமரும் உரிமை

சித்தூர் வட்டாரத்துக் கிராமங்களில், மாந்தோப்புகள் காய்த்துக் குலுங்கும் கோடைப்பருவத்தில், திரௌபதியம்மன் கோயில்களின் முன்னே பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கியார் கதையை விரித்துரைக்க, இரவில் கூத்துக் கலைஞர்கள் அதையே விடியுமட்டும் ஆடியும் பாடியும் காட்ட, தமிழும் தெலுங்கும் ஒரே நாவில் புழங்கும் அந்த ஜனங்கள், இறுதி நாளில் துரியோதனன் படுகளத்தைச் சுற்றித் திரளாகக் கூடி நிற்பார்கள். அந்தப் பெருங்கதையின் தொடக்கத்தில் ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. மூத்தவனாகப் பிறந்த திருதராஷ்டிரன், பிறவியிலேயே பார்வையற்றவன் என்ற காரணத்தால் அரசுரிமைக்கு ஆகாதவன் என ஒதுக்கப்பட, இளையவன் பாண்டு பட்டமேற்கிறான். பின்னாளில் குருட்சேத்திரம் வரையில் சென்று முடிந்த மனக்கசப்பின் வேர்களுள் ஒன்று இங்கேதான் ஊன்றப்பட்டது. ஆயினும், ஆண்டுதோறும் இக்கதையைக் கேட்கும் ஆயிரக்கணக்கானவர்களுள் அத்தீர்ப்பு நியாயந்தானா என்று வினவுபவர் அரிது. கூனியின் முதுகையும் சகுனியின் நொண்டலையும் அவர்களுடைய மனக்கோணலுக்கு அடையாளமாகவே மேடையில் கண்டு பழகிய நமக்கு, உடற்குறையையும் தலைமைப் பதவியையும் சேர்த்து நினைப்பது இன்னும் கைவரவில்லை.

அரியணைகளின் காலம் போய்விட்டது. எனினும், கலையுலகத்தில் அந்தப் பழைய கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. பார்வையற்ற ஒருவர் பாடினால் மனமுருகிக் கேட்கிறோம். சக்கர நாற்காலியில் அமர்ந்த பெண் அபிநயித்தால் கண்ணீர் மல்கக் கைதட்டுகிறோம். செவிப்புலனற்ற சிறுவர் கூட்டமாக ஆடினால் நிகழ்ச்சியின் முடிவில் எழுந்து நிற்கிறோம். ஆனால், அந்தப் பாடகரை இசைக் கல்லூரியின் ஆசிரியராகவும், அந்தப் பெண்ணை நாட்டியக் குழுவின் தலைவியாகவும், அந்தச் சிறுவர்களுள் ஒருவனை நாளை போட்டிகளுக்கு நடுவராகவும் அமர்த்துவதற்கு நம்முடைய ஸ்தாபனங்கள் எத்தனை தூரம் ஆயத்தமாக இருக்கின்றன என்ற கேள்வி எழும்போது, கைதட்டிய கைகள் சற்றே தயங்குகின்றன. மாற்றுத்திறனாளிகளின் கலை வாழ்வைப் பற்றி இன்று பேச வேண்டிய விஷயங்களுள் தலையாயது இதுவே என்பது என் துணிபு.

இதனைச் சிந்திப்பதற்குத் திருப்பதியைப் போன்ற ஊர் எளிதில் வாய்க்காது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் காது கேளாத குழந்தைகளுக்கெனத் தனிப் பள்ளிக்கூடம் நடத்துகிறது. உடற்குறையுள்ள இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கும் நிலையமும் அதன் பராமரிப்பில் உண்டு. இளம்பிள்ளை வாதத்தாலும் விபத்துகளாலும் கால்களின் வலிமை இழந்தவர்கள் தொலைதூரத்திலிருந்தும் நாடி வருகின்ற ‘பர்ட்’ மருத்துவமனை அதே தேவஸ்தானத்தால் ஏற்பட்டது. மற்றொரு புறம், ஸ்ரீ வேங்கடேசுவரா இசை, நடனக் கல்லூரியை நடத்துவதும், நாதஸ்வரத்தையும் தவிலையும் கற்பிப்பதும், மலைமேல் கோயிலுக்கு எதிரே நாதநீராஜன மேடையில் கலைஞர்களைப் பாடவும் ஆடவும் செய்வதும் அதே தேவஸ்தானந்தான். கருணைக்கான ஸ்தாபனங்களும் கலைக்கான ஸ்தாபனங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் அமைந்திருப்பது பெரும்பேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வாசல் அகலத் திறக்குமானால், அந்தக் காது கேளாதோர் பள்ளியில் படித்துத் தேறிய ஒருவர் அந்த நடனக் கல்லூரியின் ஆசிரியர் அறையிலே அமரும் நாளும் வரக்கூடும்.

இப்படி நடப்பது சாத்தியமா என்று ஐயுறுவோர் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சித்தூரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பிரயாணத்தில் உள்ள வேலூரையும், அங்கே 1938ஆம் ஆண்டில் நடந்த ஒரு கச்சேரியையும் நினைத்துக்கொண்டால் போதும். பிடில் என்பது வாய்ப்பாட்டுக்கு நிழலாக உடன் செல்லும் பக்கவாத்தியம் என்றே கருதப்பட்டு வந்த அந்த நாளில், மேடையின் நடுவிடத்தில் தாமே பிரதான வித்துவானாக அமர்ந்து, பிடிலைத் தனிக் கச்சேரிக்குரிய வாத்தியமாக வாசித்துக் காட்டினார் துவாரம் வெங்கடசாமி நாயுடு. 1893இல் பெங்களூரில் பிறந்து விசாகப்பட்டினத்தில் வளர்ந்த அவருக்குச் சிறு வயது முதலே கண்பார்வை மிகவும் மங்கல். அதன் பொருட்டே பள்ளிப்படிப்பு தடைப்பட்டது. பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளையைத் தமையனார் தம்மிடம் அமர்த்திக்கொண்டு பிடில் கற்பித்தார்.

1919இல் விஜயநகரத்து மகாராஜா ஓர் இசைக் கல்லூரியைத் தோற்றுவித்தபோது, ஹரிகதைப் பிதாமகர் என்று ஆந்திர தேசம் கொண்டாடும் ஆதிபட்ல நாராயணதாசர் அதன் தலைவராக இருந்தார். நாயுடு அங்கே மாணாக்கராகச் சேர்வதற்காகப் போனார் என்றும், அவர் வாசிப்பைக் கேட்ட தாசர், இவருக்குக் கற்பிக்க ஏதுமில்லை என்று கண்டு, ஆசிரியர் உத்தியோகத்தையே அளித்தார் என்றும் சொல்வார்கள். இருபத்தாறு வயது இளைஞர், பள்ளிப்படிப்பை முடிக்காதவர், எழுத்தைக் கூர்ந்து பார்க்கக் கண்ணொளி போதாதவர். எத்தனையோ காரணங்களைக் காட்டி மறுத்திருக்கக்கூடிய இடத்தில், காதை மட்டும் சாட்சியாகக் கொண்டு ஒரு முடிவு செய்தாரே, அந்த முடிவில் நாராயணதாசருடைய மேதைமை முழுவதும் விளங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1936இல் அதே கல்லூரிக்கு நாயுடு தலைவரானார். 1941இல் சென்னை சங்கீத வித்வத் சபை தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்கும்படி அவரை அழைத்துச் சங்கீத கலாநிதி விருதளித்தது. 1953இல் சங்கீத நாடக அகாதமியின் விருதும், 1957இல் பத்மஸ்ரீயும் வந்தன. 1964இல் காலமாகும் வரையில் அவருடைய வில்லின் நாதத்துக்கு நாட்டில் தனி மதிப்பு இருந்தது.

இந்த வரலாற்றில் விருதுகளைக் காட்டிலும் நான் பெரிதாக மதிப்பது அந்த 1919ஆம் ஆண்டின் நியமனத்தைத்தான். மேடையில் வாசிக்க இடம் கொடுத்ததோடு நில்லாமல், அடுத்த தலைமுறையை உருவாக்கும் பொறுப்பையும், பிறகு ஒரு ஸ்தாபனத்தைக் கட்டிக் காக்கும் அதிகாரத்தையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். அவரிடம் பயின்றவர்களும் பயின்றவர்களின் சீடர்களுமாக ஒரு வாசிப்பு மரபே ஆந்திரத்தில் கிளைத்தது. அவருடைய குமாரத்தி துவாரம் மங்கத்தாயாரும் சிறந்த பிடில் வித்துவாம்சினியாக விளங்கியவர்.

இவ்விடத்தில் கும்பகோணத்து சரப சாஸ்திரிகளையும் நினையாதிருக்க முடியவில்லை. 1872இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்து, 1904இல் முப்பத்திரண்டே வயதில் மறைந்த அவர், ஆயர் கைக் குழலைச் சபைக்குரிய தனி வாத்தியமாக உயர்த்திய முன்னோடி. பல்லடம் சஞ்சீவ ராவ் அவருடைய சீடர். குழலை நடுமேடைக்குக் கொணர்ந்தவர் பார்வை இழந்தவர். பிடிலை நடுமேடைக்குக் கொணர்ந்தவர் பார்வை மங்கியவர். ஓரத்தில் இருந்த வாத்தியத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் இவ்விருவருக்கும் ஏன் தோன்றியது என்று ஆராயப் புகுந்தால் ஊகமே மிஞ்சும். எனினும், கர்நாடக சங்கீதம் இன்று அனுபவிக்கும் இரண்டு பெரிய விரிவுகளுக்கு இத்தகையவர்கள் தலைமை தாங்கினார்கள் என்பது, உடற்குறையுள்ள கலைஞரைக் கலையின் விருந்தாளியாக நினைக்கும் வழக்கத்துக்கு நேரான மறுப்பு.

தமிழ்ப் புலவர் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. ஒருவர் நடக்க இயலாதவராகவும் மற்றவர் பார்வையற்றவராகவும் இருந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் அமர்ந்து ஊர் ஊராகச் சென்று தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் பாடிய இரட்டையரையும், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் பாடிய அந்தகக்கவி வீரராகவ முதலியாரையும் அக்காலத்தார் இரக்கத்துக்குரியவர்களாகக் கொள்ளவில்லை. வாதில் வெல்லவும் பரிசில் கேட்டுப் பெறவும் உரியவர்களாகவே கொண்டார்கள்.

இன்றைய நிலைமை எப்படியிருக்கிறது? 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்குப்படி நம் நாட்டில் 2.68 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகமானோர், உடற்குறையோ அறிவுத்திறன் குறையோ உள்ளவர்கள். இவர்களுள் கலைவேட்கை உடையவர்களுக்கு வாய்க்கின்ற மேடை பெரும்பாலும் டிசம்பர் 3ஆம் தேதிக்கு, அதாவது உலக மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு உரிய மேடையாகவே முடிந்துவிடுகிறது. அன்று சிறப்பு நிகழ்ச்சி, சால்வை, கேடயம், பிரமுகரின் பாராட்டுரை எல்லாம் உண்டு. மார்கழியிலும் பிரம்மோற்சவத்திலும் நடைபெறும் கச்சேரி வரிசையில், மற்ற வித்துவான்களுக்கு இடையே, மற்றவர்களுக்குரிய சன்மானத்தோடு, ஒரு பெயராக அவர்கள் பெயர் அச்சாவது அபூர்வம்.

ஆந்திரத்தில் உடற்குறையுள்ள எவரும் முதலில் நாடுவது ‘சதரம்’ சான்றிதழை. குறை எத்தனை சதவீதம் என்று மருத்துவர்கள் மதிப்பிட்டுத் தரும் அந்தக் காகிதத்தைக் கொண்டே மற்ற உதவிகள் கிடைக்கும். 2024 முதல் அம்மாநில அரசு அவர்களுக்கு மாதம் ₹6,000 உதவித்தொகை வழங்குகிறது. இது நல்ல செய்கை. பல வீடுகளில் அடுப்பெரிவது இதனால்தான். ஆனால், உதவித்தொகை ஒருவருடைய குறையை அளந்து தரப்படுவது. கச்சேரிக்குரிய சன்மானம் அவருடைய வித்தையை அளந்து தரப்படுவது. இரண்டாவது வகைப் பணத்தைத் தம் வாழ்நாளில் ஒரு முறையாவது கையில் வாங்கியவருக்கே, தாம் ஒரு தொழிலைச் சேர்ந்தவர் என்ற தன்மதிப்பு உண்டாகும். இவர்களை ‘சேவை’ என்ற பெயரால் இலவசமாகப் பாட அழைக்கும் சபைகள், தபேலாக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் மட்டும் பேசிய தொகையைத் தவறாமல் கொடுத்துவிடுவது எந்த நியாயத்தில் சேரும்?

இதைவிட நுட்பமான தீங்கு ஒன்று இருக்கிறது. அது நம்முடைய அனுதாபத்தால் வருவது. சாதாரண மாணவி ஒருத்தி அரங்கேற்றத்தில் தாளம் தப்பினால் ஆசிரியர் கடிந்துகொள்வார், விமரிசகர் மறுநாள் எழுதுவார், அவளும் அழுது தீர்த்துவிட்டு மீண்டும் சாதகம் செய்வாள். பார்வையற்ற மாணவி தாளம் தப்பினால் சபை முழுவதும் கைதட்டிவிடுகிறது. பிழையைப் பிழையென்று சொல்ல ஒருவருமில்லாத இடத்தில் ஒருவர் எப்படித் தேர்ச்சி பெறுவார், தேர்ச்சி பெறாதவர் எப்படிப் பிறருக்குக் கற்பிப்பார்? கண்டிப்பு என்பது குரு தம் சீடருக்குச் செய்யும் மரியாதை. நாயுடுவின் வாசிப்பை நாராயணதாசர் எடைபோட்ட விதத்தில் கருணைக்கு இடமே இருந்திருக்காது.

கலை கற்பிக்கும் முறையைக் கூர்ந்து நோக்கினால், தலைமை ஏன் இவர்கள் கையிலே இருக்க வேண்டும் என்பது இன்னும் தெளிவாகும். நாட்டியத்தைக் கண்ணால் பார்த்தே கற்பது நம் வழக்கம். ஆசிரியை ஆடுகிறார், மாணவி பார்த்து ஆடுகிறாள். பார்வையற்ற மாணவிக்கு இது பயன்படாது. பெங்களூரில் உள்ள ஸ்ரீ ரமண மகரிஷி அந்தகர் பள்ளியில் பரதம் பயின்றவர்களைப் போன்றோருக்கு, ஆசிரியரின் கைகளையும் முழங்காலையும் தோள்களையும் தொட்டறிந்தும், ஒவ்வோர் அசைவையும் சொல்லால் விளக்கக் கேட்டும், தம் உடம்பையே ஆசிரியர் பிடித்து நிறுத்தித் திருத்தியும் பாடம் ஏற வேண்டும். அரைமண்டியில் நிற்பதைக் ‘கண்ணாடியைப் பார்த்துக்கொள்’ என்று சொல்ல முடியாது. குதிகால்களுக்கிடையே எத்தனை விரற்கடை, பாரம் எந்த இடத்தில் இறங்க வேண்டும், முழங்கால் எந்தத் திசையில் திறக்க வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும். பார்வையுள்ள ஆசிரியர் அந்தச் சொற்களை வருந்தி யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தாமே அவ்வாறு கற்றுத் தேறிய பார்வையற்ற ஆசிரியருக்கோ அச்சொற்கள் உடம்போடு ஊறியவை. தொட்டு இடமறியும் உபாயம் நமக்குப் புதிதன்று. காளத்தியில் கண்ணப்பர் தம் இரண்டாவது கண்ணையும் இடந்து அப்ப முற்படுகையில், இனிப் பார்வை இராதே என்று முன்கூட்டி நினைத்து, இறைவன் கண் இருக்கும் இடத்தில் தம் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார் என்பது புராணம். பக்தியின் உச்சத்திலும் அந்த வேடர் செய்த உபாயம் எத்தனை நடைமுறையானது என்பதைத் திருப்பதிச் சீமையிலே உள்ள அத்தலத்துக்குப் போகும்போதெல்லாம் எண்ணி வியக்கலாம்.

செவிப்புலனற்றோருக்குக் கற்பிக்கும் முறை வேறு. மரத்தளத்தின் அதிர்வைப் பாதத்தால் உணர்ந்தும், எதிரே நிற்பவரின் கையசைவால் எண்ணிக்கையைக் கண்ணால் கேட்டும் அவர்கள் தாளத்தைப் பற்றுகிறார்கள். அபிநய தர்ப்பணம் கூறும் 28 ஒற்றைக்கை முத்திரைகளும், தனக்கென இலக்கணமுடைய சைகை மொழியில் நாள் முழுவதும் பேசிப் பழகிய குழந்தைக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. சீன தேசத்தின் மாற்றுத்திறனாளர் கலைக்குழு ஆடும் ‘ஆயிரங்கை போதிசத்துவர்’ என்ற நடனத்தைப் பலரும் படக்காட்சியில் கண்டிருப்பார்கள். 21 பேர் ஒருவர் பின் ஒருவராக நின்று, ஒரே உடம்பிலிருந்து கைகள் கிளைப்பதாகத் தோன்றும்படி ஆடுவார்கள். அவர்கள் செவிப்புலனற்றோர்; மேடையின் ஓரங்களில் நிற்கும் சைகையாளர்களைக் கொண்டே காலம் தவறாது ஆடுகிறார்கள். அதில் முன்னணியில் நின்று ஆடிய தை லீஹுவா என்ற பெண்மணி, 2004இல் ஏதென்ஸ் பாராலிம்பிக் நிறைவு விழாவிலும், மறு ஆண்டு சீனப் புத்தாண்டு நிகழ்ச்சியிலும் உலகத்தாரை வியக்க வைத்தார். அவர் பின்னர் அக்குழுவுக்கே தலைவரும் கலை இயக்குநருமானார் என்ற செய்தி, அந்த நடனத்தைப் பார்த்து வியந்த பலருக்குத் தெரியாது.

தெலுங்கு நாட்டாருக்கும் தமிழருக்கும் இவ்விஷயத்தில் மிகவும் பழக்கமான பெயர் ‘மயூரி’ என்ற திரைப்படத்தினுடையது. 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்தின் விளைவாக வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்த சுதா சந்திரன், டாக்டர் பி. கே. சேத்தியும், பெரும் பள்ளிப்படிப்பில்லாத கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் காலைப் பூட்டிக்கொண்டு, வலியோடும் இரத்தக் கசிவோடும் பயின்று, 1984இல் மீண்டும் மேடையேறினார். சிங்கீதம் சீனிவாசராவின் இயக்கத்தில் 1985இல் வெளிவந்த அத்திரைப்படத்தில் தம் கதையில் தாமே நடித்துத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பரிசையும் பெற்றார். அப்படத்தைக் கண்டு அழாதவர் குறைவு. ஆயினும், அழுதவர்களுள் நாட்டியப் பள்ளி நடத்தியவர்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் மறுநாள் காலையில் தங்கள் வகுப்பறைக்குப் போய், செயற்கைக் கால் பூண்ட மாணவி ஒருத்தி வந்தால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று யோசித்தார்களா? சுதா சந்திரன் பிற்காலத்தில் தமக்கென நடனப் பள்ளி அமைத்ததை அப்படத்தின் இரண்டாம் பாகமாகவே நான் கருதுகிறேன்.

சட்டம் இவ்விஷயத்தில் நம்முடைய வழக்கத்தைக் காட்டிலும் முன்னே போய்விட்டது. 2006இல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது உறுப்பு, பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்வதை உரிமையாகவே கூறுகிறது. அதை 2007இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. அதன் வழியே வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகையாகக் கண்டிருந்த குறைகளை 21 வகையாக விரித்ததோடு, 29ஆவது பிரிவில் கலையைப் பற்றித் தனியே பேசுகிறது. உடற்குறையுள்ள கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் பொருளுதவியும் தருவது, கலையை அவர்கள் எய்தும்படி செய்வது, அவர்கள் சேர்ந்து பயில ஏற்றவாறு கலைப் பாடத்திட்டங்களையே மாற்றி அமைப்பது ஆகியவை அரசின் கடமை என்று அது விதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் வரலாற்று அனுபவங்களைப் பதிந்துவைக்கும் அருங்காட்சியகம் ஒன்றும் வேண்டும் என்கிறது. அப்படியொரு காட்சியகம் நம் பக்கத்தில் எழுமானால், சரப சாஸ்திரிகளின் வரலாறும் துவாரத்தின் வரலாறும் இரட்டையர் பாடிய பிரபந்தங்களும் ஒரே கூரையின் கீழ் வருமே என்று நினைக்கையில் மனம் பூரிக்கிறது. பாடத்திட்டத்தை மாற்றுவது என்ற விதிதான் எல்லாவற்றிலும் கடினமானது. பணம் ஒதுக்கினால் சாய்தளம் கட்டிவிடலாம். பாடத்திட்டத்தை மாற்ற, அதை அனுபவித்தவர் பாடத்திட்டக் குழுவில் இருந்தாக வேண்டும்.

தலைமை இவர்கள் கைக்கு வந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு உதாரணங்கள் உண்டு. சென்னையில் பார்வையற்ற பாடகரான கோமகன், தம்மைப் போன்ற இசைக்கலைஞர்களைச் சேர்த்து ‘ராகப்ரியா’ என்ற மெல்லிசைக் குழுவை நடத்தினார். 2004இல் வெளிவந்த ‘ஆட்டோகிராஃப்’ திரைப்படத்தில், பா. விஜய்க்கும் சித்ராவுக்கும் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்த பாடற்காட்சியில் தோன்றியவர்கள் அவரும் அவர் குழுவினருமே. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் முறையாகத் தொகை பேசி வாசிக்கும் குழுவாக அது இயங்கியது. பார்வையற்ற ஒருவர் முதலாளியாகவும் நடத்துநராகவும் இருந்து பிறருக்குப் பிழைப்பு அளித்தார். 2021இல் கொரோனாப் பெருந்தொற்று அவரைக் கொண்டுபோனது பெருநஷ்டம். அதே நகரத்தில், செவித்திறன் குறைந்தவரான ஜெயஸ்ரீ ரவீந்திரன் 1995இல் எபிலிட்டி ஃபவுண்டேஷனை நிறுவி, 2005 முதல் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்த வழிகோலினார். பார்வையற்றோருக்குக் காட்சியை விளக்கும் குரலும், செவிப்புலனற்றோருக்கு எழுத்தும் சைகையும் அமைத்துப் படங்களைத் திரையிடலாம் என்று பலருக்கு முதன்முதலில் காட்டியது அவ்விழா. உடற்குறையற்றவர்களும் இப்பணியில் சிரத்தையோடு உழைத்திருக்கிறார்கள். நாட்டியக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர் 1989இல் சென்னையில் நிறுவிய ‘ராசா’வில், ஆட்டமும் பாட்டும் கதையும் அறிவுத்திறன் வளர்ச்சிக்கே கருவியாகின்றன. இலங்கையில் 2000ஆம் ஆண்டில் தோன்றிய சுனேரா அறக்கட்டளை, போரால் பிளவுபட்டிருந்த அந்நாட்டில் பல இனத்து இளைஞர்களையும் நாடகத்தால் ஒன்றுகூட்டியது.

லண்டன் மாநகரில் 1980இல் பிறந்த ‘கிரேயே’ நாடகக் குழு இவற்றுள் தனித்து நிற்கிறது. அதை நிறுவிய இருவருள் ஒருவரான நபீல் ஷாபான் சக்கர நாற்காலியில் இயங்கிய நடிகர். 1997இல் அதன் கலை இயக்குநரான ஜென்னி சீலி, ஏழாம் வயதில் செவிப்புலனை இழந்தவர். அவர் இயக்கும் நாடகங்களில் சைகை மொழியும் காட்சி விளக்கமும், ஓரத்தில் நிற்கும் ஒருவரால் பார்வையாளருக்கு மட்டும் தனியே வழங்கப்படுவதில்லை; கதாபாத்திரங்களின் பேச்சிலும் அசைவிலுமே அவை கலந்து வருகின்றன. செவிப்புலனற்ற இயக்குநருக்குத்தான் முதலில் தோன்றக்கூடிய அழகியல் இது! 2012இல் லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய இருவருள் அவர் ஒருவரானார். இதற்கும் முன்னே, 1956இல், இளம்பிள்ளை வாதத்தால் கைகளின் ஆற்றலை இழந்த ஜெர்மானிய ஓவியர் ஆர்னுல்ஃப் எரிக் ஸ்டெக்மன், வாயாலும் காலாலும் வரையும் ஓவியர்களின் சங்கத்தைத் தோற்றுவித்தார். தங்கள் ஓவியங்களை வாழ்த்து அட்டைகளாகவும் நாட்காட்டிகளாகவும் அச்சிட்டு விற்று, அந்த வருவாயில் வாழ்ந்து, சங்கத்தைத் தாங்களே ஆண்டு வருகிறார்கள் அவ்வோவியர்கள். இந்தியரும் அதில் உறுப்பினராக உள்ளனர்.

சித்தூர், திருப்பதிச் சீமைக்கு இவற்றை அப்படியே பெயர்த்துக்கொண்டுவர வேண்டியதில்லை. இந்த மண்ணிலேயே பொருத்தமான கலைகள் இருக்கின்றன. காளத்தியின் கலம்காரி ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியைத் தாழ்ந்த பலகையின்மேல் விரித்து, துணி சுற்றிய மூங்கில் எழுதுகோலைப் பிடித்து, இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த கருநீரால் கோடு வரைவது உட்கார்ந்த இடத்தில் அமைதியாகச் செய்யும் வேலை. நடக்க இயலாதவருக்கும் செவிப்புலனற்றவருக்கும் அதில் தடையில்லை. சாயமேற்றிய துணியைச் சொர்ணமுகி ஆற்றில் ஓடும் நீரில் அலசும் கட்டத்தில் மட்டும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் துணை வேண்டும். அந்தத் துணையாளுக்குக் கூலி தரும்படியான ஏற்பாடும், அரசின் பயிற்சிப் பட்டறைகளில் செவிப்புலனற்ற ஓவியரே ஆசிரியராக நியமிக்கப்படுவதும் எட்டாத காரியங்களல்ல. கூத்திலே, குழுத் தலைவரை ‘வாத்தியார்’ என்பார்கள். பாட்டும் அடவும் கதையும் அவர் மனத்திலே இருக்கும். அவர் எல்லா வேஷமும் கட்டி ஆட வேண்டிய நியதியில்லை. வயதாகிக் கால் ஓய்ந்த வாத்தியார்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குழுவை நடத்தலாம் என்றால், பிறப்பிலேயே கால் வழங்காத ஒருவர் அவ்விடத்தில் அமர்வதற்கு மனத்தடையைத் தவிர வேறு தடை ஏது?

அலிபிரியிலிருந்து மலையேறும் 3,550 படிகளை ஏற இயலாதவர்களுக்குப் பேருந்தும், தரிசனத்துக்குத் தனி வரிசையும் ஏற்படுத்திய ஊர் திருப்பதி. ஊர் மண்டபங்களில் மேடைக்கு ஏறும் நான்கு படிகளையும், ஒப்பனை அறையின் குறுகிய வாசலையும், பாடகரின் நாற்காலிக்குத் தக்கபடி தாழ்த்த முடியாத ஒலிவாங்கிக் கம்பத்தையும் அதே சிரத்தையோடு ஆராய அதிகக் காலம் பிடிக்காது. கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உடற்குறையுள்ள வித்துவான் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்ற விதிக்கும் பெருஞ்செலவு ஆகாது.

ஆசிரியப் பதவிக்கோ முன்மாதிரி ஒன்று நாட்டிலேயே ஏற்பட்டுவிட்டது. 2015இல் டில்லியில் மத்திய அரசு அமைத்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம், சைகை மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பட்டயப் படிப்பைச் செவிப்புலனற்றவர்களுக்கே உரியதாக்கியிருக்கிறது. செவிப்புலன் உள்ளவர்கள் மொழிபெயர்ப்பாளர் ஆவதற்கான வேறொரு படிப்பில் சேரலாம். அம்மொழிக்கு உரியவர் எவரோ அவரே ஆசான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட நியதி அது. திருப்பதியின் காது கேளாதோர் பள்ளியில் நடனம் கற்பிக்க அடுத்த முறை விண்ணப்பங்கள் கோரும்போது, அந்தப் பட்டயம் பெற்று, நாட்டியமும் பயின்ற செவிப்புலனற்ற இளைஞர் ஒருவரை முதலில் அழைத்துப் பேசலாம். பேட்டி காண்பவர்களுக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை உடன் அமர்த்திக்கொள்ளும் செலவே அதற்குப் பிடிக்கும்.